24 வகுப்பறை, ஒரு மைதானம்: மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கான ஒலி, திரைத் திட்டம்

பள்ளிக்குத் திரை வாங்குவது தமிழ்நாட்டில் இன்று புதுச் செய்தி இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் 2024-இல் தொடங்கியது. தனியார் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் அதற்கு முன்பே புரொஜெக்டரில் ஆரம்பித்து டச் பேனலுக்கு வந்துவிட்டன. வாங்கும் விதம் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. கடைக்காரர் ஓர் அறைக்குக் கொட்டேஷன் தருவார், அதை அறை எண்ணிக்கையால் பெருக்குவார்கள், பணம் போதுமா என்று பார்ப்பார்கள். டேப் எடுத்து அறையை அளந்து பார்ப்பவர் அபூர்வம்.

இந்த ஆய்வில் வருவது ஒரு மாதிரிப் பள்ளி. எண்கள் நம் ஊர்ப் பழைய கான்கிரீட் கட்டடங்களில் வழக்கமாக இருப்பவை. அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, இரண்டு கட்டடங்கள், 24 வகுப்பறைகள், 300 பேர் உட்காரும் ஒரு கூடம், காலை இறைவணக்கக் கூட்டம் நடக்கும் 70 மீட்டர் நீள மைதானம். கையில் இருக்கும் கொட்டேஷனில் 65 இன்ச் டச் பேனல் 24, பேனலுக்கு ஒன்றாக யுபிஎஸ் 24, மைதானத்துக்குக் கூம்பு ஒலிபெருக்கி நான்கு. இதில் எது நிற்கும், எது விழும் என்பதுதான் கேள்வி.

அறையை அளந்தால்

வகுப்பறை 7.2 மீட்டர் நீளம், 6.1 அகலம், 3.3 உயரம். சிமெண்ட் தரை, சிமெண்ட் பூச்சுச் சுவர், மேலே வெற்றுக் கான்கிரீட். 40 மாணவர்கள், நான்கு மின்விசிறிகள், இரண்டு பக்கமும் ஜன்னல்.

இப்படிப்பட்ட அறையில் குரல் தேயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்: 0.161-ஐ அறையின் கன அளவால் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். கன அளவு 145 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து சுமார் 175 சதுர மீட்டர். அவை ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும், அதாவது 5 சதுர மீட்டருக்குச் சமம். பெஞ்சு, மேசைக்கு 2 சேர்த்தாலும் 7.3. ஜன்னலை மூடிவிட்டுக் காலி அறையில் கைதட்டினால் ஓசை அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். 40 மாணவர்கள் வந்து உட்கார்ந்தால் அவர்களே 14 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார்கள், அப்போது 1.1 விநாடி. ஜன்னல்களைத் திறந்தால் இன்னும் குறையும், ஆனால் சாலையின் ஹாரன் சத்தம் உள்ளே வரும். இந்த அளவு அறைக்கு அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரமான ஆன்சி எஸ்12.60 சொல்வது 0.6 விநாடி, அதுவும் ஆள் இல்லாத அறைக்கு.

இதன்மேல் மின்விசிறி. நான்கும் முழு வேகத்தில் ஓடும் அறையில் ஒலிமானி 50 முதல் 55 டெசிபல் காட்டும். ஆசிரியர் சற்று உரக்கப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் 65 இருக்கும். நேராக வரும் குரல் கடைசி பெஞ்சுக்குப் போகும்போது 50-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், மிச்சம் எதிரொலிதான். குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் மேலே நின்றால்தான் பிள்ளைகளுக்குச் சொல் பிரிந்து கேட்கும். இங்கே இரண்டும் ஏறக்குறைய சமம். முன்பெஞ்சு மாணவன் பதில் சொல்வதும் பின்பெஞ்சு மாணவன் விழிப்பதும் பல நேரம் புத்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

தமிழ் வகுப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மனம், மணம், அரை, அறை, வலி, வழி, வளி, பல்லி, பள்ளி. இவற்றைப் பிரித்துக் காட்டும் ஓசை மெல்லியது. எதிரொலியும் விசிறி இரைச்சலும் முதலில் விழுங்குவது அதைத்தான். ஆகவே எங்கள் முதல் பரிந்துரை திரையைப் பற்றியது இல்லை: கொட்டேஷனில் வராத கூரைப் பலகைக்கும் மின்விசிறிக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

தொங்கு கூரை போட்டால் விசிறிக் கம்பி, உயரம், எலி எல்லாம் சேர்ந்து தொல்லை. 25 மில்லிமீட்டர் மரநார்ப் பலகையை, பின்னால் 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) வைத்து, விசிறிகளுக்கு நடுவே கூரையில் நேரடியாக 20 சதுர மீட்டர் அடிப்பதே சரி. பின்சுவரில் மாணவர் தலைக்கு மேலே இன்னும் 4 சதுர மீட்டர். இந்த 24 சதுர மீட்டரும் சேர்ந்து சுமார் 19 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும். 40 பேர் உட்கார்ந்த அறையில் ஜன்னல் மூடியிருந்தாலும் 0.58 விநாடிக்கு இறங்கிவிடும். காலி அறையில் 0.9-க்குப் பக்கத்தில் நிற்கும். தரத்தின் எழுத்துப்படி பார்த்தால் இது தேறாது. பாடம் நடக்கும்போது தேறுகிறது, எங்களுக்கு அது போதும். பலகையை வெறும் கான்கிரீட்டில் ஒட்டி, பின்னால் ஒன்றும் வைக்காமல் விட்டால் பலன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒப்பந்ததாரர் மிச்சம் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். மேலே எனாமல் பெயிண்ட் அடித்து நுண்துளைகளை அடைத்துவிட்டால் மிச்சப் பலனும் போயிற்று.

விசிறியில் சத்தம் காற்றிலிருந்தும் வரும், ரெகுலேட்டரிலிருந்தும் வரும். பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் தரும் உறுமலை, பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி போக்கிவிடும். காற்றுச் சத்தம் வேகத்தைக் குறைத்தால்தான் குறையும். பிஎல்டிசிக்கு இன்னொரு லாபம் உண்டு. 75 வாட் விசிறியின் இடத்தில் 30 வாட் சொச்சம்தான் இழுக்கும். ஓர் அறைக்கு 160 வாட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. 75 இன்ச் பேனல் கேட்பது 200 வாட் அளவு. ஆக, மின் இணைப்பின் மொத்தச் சுமை அதிகம் ஏறாமலே திரை வந்துவிடும்.

திரை எவ்வளவு பெரிது

கரும்பலகை இருக்கும் சுவரிலிருந்து கடைசி பெஞ்சு மாணவனின் கண் 6.5 மீட்டர். பாடம் படிக்கும் திரையை அதன் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது ஒலி-ஒளித் துறையின் பொதுக் கணக்கு. 65 இன்ச் பேனலின் உயரம் 81 சென்டிமீட்டர், 4.9 மீட்டர் வரைதான் உதவும். கொட்டேஷனில் உள்ள திரை கடைசி இரண்டு வரிசைக்கு வெறும் வெளிச்சம். 75 இன்ச் 5.6 மீட்டர் வரை, 86 இன்ச் 6.4 வரை எட்டும்.

86 இன்ச் வாங்கினால் கணக்கு ஏறக்குறைய முடிந்தது, ஆனால் விலை எகிறும். 75 வாங்கி, எழுத்தைப் பெரிதாகக் காட்டுவது இன்னொரு வழி. 6.5 மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்தின் உயரம் திரை உயரத்தில் நூற்றுக்கு மூன்றரை, அதாவது 3.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இப்போது ஆசிரியர்கள் உண்மையில் செய்வதைப் பாருங்கள்: பாடநூல் பிடிஎப்பைத் திறந்து, முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடக்கிக் காட்டுகிறார்கள். 24 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் எழுத்து; 75 இன்ச் திரையில் அது 2.7 மீட்டர் வரைதான் படிக்க வரும். இரண்டாவது பெஞ்சோடு சரி. பக்க அகலத்துக்குப் பெரிதாக்கினால் ஏறக்குறைய எட்டும், ஆனால் பத்தி பத்தியாக நகர்த்த வேண்டும். பழக்கிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வரும் விஷயம் இது. பழக்காவிட்டால் 86 இன்ச்சும் காப்பாற்றாது.

எங்கள் தீர்ப்பு: 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான எட்டு அறைகளுக்கு 86, வேதியியல் சமன்பாடும் கணக்கின் படிக்குறியும் சிறிதாகத்தான் எழுத முடியும். மற்ற பதினாறுக்கு 75. வாங்குவதற்கு முன் கடையில் காட்டும் கடற்கரை வீடியோவைப் பார்த்து ஏமாற வேண்டாம். ண, ன, ற, ர, ஞ, மெய்யெழுத்தின் புள்ளி இவை நிறைந்த ஒரு பக்கத்தைக் கொண்டுபோய், 6.5 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

இருக்கும் புரொஜெக்டர்களையே தொடர்ந்தால் என்ன என்று நிர்வாகம் கேட்கும். 3,500 லூமென் புரொஜெக்டர் 100 இன்ச் திரையில் போடும் வெளிச்சம் சுமார் 1,200 லக்ஸ். ஜன்னல் திறந்த அறையில் அதே திரைமேல் ஏற்கெனவே 300 லக்ஸ் விழுகிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு ஒன்று. பாடத்துக்குப் பதினைந்துக்கு ஒன்றாவது வேண்டும். கனத்த திரைச்சீலை போட்டால் சித்திரை வெயிலில் அறை அவிந்துபோகும். கூடத்துக்கு மட்டும் புரொஜெக்டர் போதும்.

பேனலை மாட்டும் இடத்தில் ஒரு தவறு எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது: சுவரின் நட்டநடுவில் மாட்டி, கரும்பலகையை இரண்டு துண்டாக்கிவிடுவது. கணக்கு ஆசிரியருக்கு ஒரே நீட்டாக எழுத 2.5 மீட்டர் பலகை வேண்டும். 6.1 மீட்டர் சுவரில் ஜன்னல் வெளிச்சம் எதிரொளிக்காத பக்கம் பேனல், மறுபக்கம் பச்சைப் பலகை. சுண்ணாம்புத் தூள் பேனலின் கீழ்ச் சட்டத்தில் படிந்தால் அகச்சிவப்புக் கதிர் மறைந்து, யாரும் தொடாமலே திரை தானாகக் கோடு போடும். வெயில் நேராக அடித்தாலும் இதே கோளாறுதான். பேனல் பழுது என்று வரும் புகார்களில் கணிசமானவை ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்துவிடும். 75 இன்ச் பேனல் 50 கிலோவுக்கு மேல். 9 அங்குலச் செங்கல் சுவர் தாங்கும். புதுக் கட்டடத்தில் ஏஏசி கல் (காற்றுக் குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) என்றால் ஆங்கர் போல்ட்டை நம்பாமல், சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முழுநீள போல்ட்டால் இறுக்க வேண்டும்.

பேனலில் உள்ள ஸ்பீக்கர் சில மாடல்களில் கீழ்நோக்கி ஒலிக்கும். இரு பக்கமும் 2.2 மீட்டர் உயரத்தில், கடைசி பெஞ்சைக் குறிவைத்துச் சாய்த்த 20 வாட் சுவர் ஸ்பீக்கர் இரண்டு போதும். இடுப்பு மைக் அணியும் ஆசிரியர் அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் மைக் கத்தும். பலகையடித்த அறையில் அந்தத் தொல்லையும் குறைவு.

எர்த்

பழைய கட்டடத்தில் மூன்றாவது பின்னுக்குக் கம்பியே போயிருக்காது. பேனலுக்கும் மடிக்கணினிக்கும் உள்ளே இருக்கும் மின்வழங்கியில், இரைச்சலை வடிக்கும் கண்டென்சர்கள் லைனுக்கும் உடலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் பேனலின் இரும்புச் சட்டம் 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, கைக்குச் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் அந்த வேறுபாடு வயர் வழியே பாயும். முதல் மழைக்காலத்துக்குள் இரண்டு மூன்று பேனல்களின் எச்டிஎம்ஐ துளை செத்துவிடும். கம்பெனிக்காரர் போர்டை மாற்றிக் கொடுப்பார், அது மறுபடியும் போகும்.

பேனல் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒவ்வொரு கட்டடத்துக்கும் எர்த் குழி, அறைக்குத் தனி 2.5 சதுர மில்லிமீட்டர் சர்க்யூட், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ, தரைத்தள மின்பலகையில் இடி தாங்கும் எஸ்பிடி ஆகியவை முடிந்திருக்க வேண்டும். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால், சுமை ஓடும்போது 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 30 காட்டினால் வேலை முடியவில்லை. பூஜ்யம் காட்டினாலும் சந்தேகப்படுங்கள்: சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது எர்த் இல்லாததைவிட ஆபத்து.

24 யுபிஎஸ் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் 24 பேட்டரியும் ஒன்றாகச் சாகும், மாற்றப் பணம் இருக்காது. மின்சாரம் வந்ததும் பேனல் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். அதுவரை ஆசிரியர் பேசட்டும். அறிவிப்பு ஆம்ப்ளிபயருக்கும் நெட்வொர்க் பெட்டிக்கும் மட்டும் யுபிஎஸ்.

மணி, அறிவிப்பு, மைதானம்

தொலைவுக்குப் போகும் ஸ்பீக்கர் வயரில் 100 வோல்ட் லைன் முறையே சரி: ஆம்ப்ளிபயர் ஒலியை 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக்கொள்ளும். 200 மீட்டர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கரை 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் நேரடியாக இணைத்தால், போக வர 400 மீட்டர் வயரின் தடை மட்டுமே கிட்டத்தட்ட 5 ஓம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே வயரில் 100 வோல்ட் லைனில் 60 வாட் சுமை வைத்தால் இழப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழ்.

கணக்கு எளிது. 24 வகுப்பறைக்கு 3 வாட் டேப் (டிரான்ஸ்பார்மரில் தேர்ந்தெடுக்கும் வாட் அளவு) வீதம் 72, தாழ்வாரத்தில் ஆறு ஸ்பீக்கர் 6 வாட் வீதம் 36, மைதானத்துக்கு இரண்டு காலம் (தூண் வடிவ) ஸ்பீக்கர் 30 வாட் வீதம் 60. மொத்தம் 168. ஆம்ப்ளிபயரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, எனவே 250 வாட். வகுப்பு, தாழ்வாரம், மைதானம் மூன்றும் தனி லைன், தனி சுவிட்ச். பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடக்கும்போது மைதானத்துக்கு மட்டும் அறிவிக்க முடிய வேண்டும்.

இந்த முறையைக் கொல்வது ஒரே ஒரு ஆள்: வருடம் இரண்டு கழித்துப் பழுதான வகுப்பறை ஸ்பீக்கருக்குப் பதில், டிரான்ஸ்பார்மர் இல்லாத சாதா 8 ஓம் ஸ்பீக்கரை வாங்கி மாட்டும் எலக்ட்ரீஷியன். 100 வோல்ட்டில் அந்த 8 ஓம் 1,250 வாட் கேட்கும். ஆம்ப்ளிபயர் காப்பு விழுந்து பள்ளி முழுதும் ஊமையாகிவிடும். எல்லோரும் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். கண்டுபிடிக்க, நடு ஜங்ஷன் பெட்டியில் லைனைப் பிரித்து எந்தப் பாதி கெட்டது என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். 24 அறை என்றால் ஐந்து தடவையில் குற்றவாளி சிக்கும். சாதா மல்டிமீட்டர் இதற்கு முழுதாக உதவாது, டிரான்ஸ்பார்மரின் கம்பித் தடையைத்தான் காட்டும்; மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை அளக்கும் இம்பிடென்ஸ் மீட்டரில், மூன்று லைனும் சேர்ந்த 168 வாட் சுமை சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். அந்த எண்ணை ஆம்ப்ளிபயர் மேலேயே பெயிண்ட்டால் எழுதிவையுங்கள்.

மைதானத்தின் நான்கு மூலைக்கும் நான்கு கூம்பு என்பது கேட்க நியாயமாக இருக்கும். கொடிமேடையிலிருந்து 15 மீட்டரில் நிற்கும் மாணவனுக்கு முன்கூம்பின் ஒலி வந்தபின், 55 மீட்டர் தள்ளி எதிர்மூலையில் உள்ள கூம்பின் ஒலி 115 மில்லிவிநாடி பிந்தி வரும். 50 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தினால் காது அதை இரண்டாவது குரலாகவே எடுத்துக்கொள்ளும். தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் ஓடுவது இதனால்தான், பாடும் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. மேடைக்கு இரு பக்கமும் 3 மீட்டர் உயரத்தில் காலம் ஸ்பீக்கர் இரண்டு, பின்வரிசையைப் பார்த்துச் சாய்த்து. 94 டெசிபல் உணர்திறன் உள்ள காலம் 30 வாட்டில் 40 மீட்டரில் 76 டெசிபல் தரும். திறந்த வெளிக் கூட்டத்துக்குத் தாராளம். சத்தம் பள்ளி மதிலோடு நிற்பதும் முக்கியம்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் பகல் வரம்பு 50 டெசிபல். ஊருக்குச் சொல்லும் விதியைப் பள்ளியே மீறுவது அழகில்லை.

பழைய வயர்லெஸ் மைக் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2022 ஏலத்துக்குப் பிறகு அந்த அலைவரிசையில் 5ஜி ஓடுகிறது. ஆண்டு விழா நடுவில் மைக் கரகரக்கும்.

நெட்வொர்க்

கட்டடங்களுக்கு நடுவே செம்பு வயர் வேண்டாம், பைபர் (கண்ணாடியிழை வயர்) இழுங்கள். ஒரு கட்டடத்தில் விழும் இடி மறு கட்டடத்து ஸ்விட்சைச் சுடாது. உள்ளே கேட்6, ஓர் ஓட்டம் 90 மீட்டருக்குள். பேனலுக்கு வயரே கொடுங்கள், வைஃபை ஆசிரியரின் கைப்பேசிக்கு. 24 பேனலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டினால் 120 எம்பிபிஎஸ் வேண்டும். நடைமுறையில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும், 100 எம்பிபிஎஸ் இணைப்பு சமாளிக்கும். ஆனால் மணற்கேணி, திக்‌ஷா ஆகிய கல்விச் செயலிகளின் காணொளிகளில் அந்தப் பருவத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணைப்பு அறுந்தாலும் பாடம் நிற்காது. பேனல்களின் தானியங்கி அப்டேட்டை இரவுக்கு மாற்றாவிட்டால், திங்கள் காலை முதல் பிரிவேளையில் 24-உம் சேர்ந்து இறக்க ஆரம்பிக்கும்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

முதலில் ஒரே ஓர் அறையை முழுதாக முடிக்க வேண்டும். பிறகு அங்கே சொல்வதெழுதுதல் வைக்க வேண்டும்: இருபது சொற்கள், எல்லாம் மனம்-மணம், அரை-அறை வகை. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடி, விசிறி ஓடும்போது சொல்ல வேண்டும். கூரைப் பலகை அடிப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, வேறு சொற்களோடு. பின்வரிசையின் சராசரித் தவறு முன்வரிசையைவிட இரண்டு சொல்லுக்கு மேல் போனால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது. பலகை போதவில்லையா, விசிறியா, ஸ்பீக்கரின் சாய்வா என்று பார்த்துத் திருத்திவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். திரைக்கும் இதே: கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாணவர் பத்தியை உரக்கப் படிக்க வேண்டும், அதுவும் காலை பத்து மணி வெயிலில்.

மொத்தப் பணத்தில் திரைக்குப் பாதிக்கு மேல் போனால் எர்த்தோ கூரைப் பலகையோ பராமரிப்போ வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். கடைசிப் பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்ததாரரிடம் வாங்க வேண்டியவை: வயர் எந்தச் சுவருக்குள் எப்படிப் போகிறது என்ற வரைபடம், ஒவ்வொரு லைனின் இம்பிடென்ஸ் எண், பேனல்களின் நிர்வாகக் கடவுச்சொல், உதிரியாக டிரான்ஸ்பார்மரோடு நான்கு ஸ்பீக்கர், மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ வயர் ஆறு, ரிமோட் இரண்டு, எழுதுகோல் இருபது. பேனலின் காற்றுத்துளைகளுக்கு நுண்வலையும் கேளுங்கள், ஆனால் காற்றோட்டத்தை அடைக்காத வலையாக. உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் பல்லி அங்கேதான் குடிபோகும், போர்டின்மேல் அது செத்தால் உத்தரவாதம் செல்லாது.